இரண்டாவது மோட்டார் யாருக்கு வேண்டும்?

தூத்துக்குடி சிப்காட் வளாகத்தில் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் ஆலை, விஎஃப் 7 என்ற மின்காரை இரண்டு விதமாகத் தருகிறது. ஒன்றில் முன்சக்கரங்களைச் சுழற்ற ஒரே ஒரு மோட்டார். மற்றதில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பெரிய பேட்டரி கொண்ட வேரியன்டுகளில் இரண்டுக்கும் அளவு ஒன்றே: 70.8 கிலோவாட் மணி, அதாவது வீட்டு மீட்டர் கணக்கில் 70.8 யூனிட். அறிமுகத்தின்போது இந்தப் பேட்டரியோடு ஒற்றை மோட்டார் வண்டி 23.49 லட்சம் ரூபாய், இரட்டை மோட்டார் வண்டி 24.99 லட்சம். டாடா ஹாரியர் இவி-யிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். 75 யூனிட் பேட்டரியோடு வரும் உயர்ரக வேரியன்ட் 2025-இல் 27.49 லட்சத்துக்கு வந்தது. அதே வண்டியின் முன் அச்சில் இன்னொரு மோட்டார் சேர்ந்தால் 28.99 லட்சம். இரண்டு நிறுவனங்களும் இரண்டாவது மோட்டாருக்குப் போட்ட விலை ஒன்றரை லட்சம்.

ஆன்-ரோடு விலை, இன்ஷூரன்ஸ், வீட்டில் சார்ஜர் பொருத்தும் செலவு என்று ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இந்த ஒன்றரை லட்சம் சின்னத் தொகை இல்லை. "ஆல் வீல் டிரைவ் சார், சேஃப்டி ஜாஸ்தி, எந்த ரோடானாலும் போகும்" என்பார் ஷோரூமில் நிற்கும் விற்பனையாளர். அவர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி உயிரோடு சம்பந்தப்பட்டது. அதனால்தான் இதை விவரமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெட்ரோல், டீசல் வண்டிகளில் நான்கு சக்கரங்களையும் ஓட்டுவது பெரிய இயந்திர வேலை. முன்னால் உள்ள எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு வண்டியின் அடியில் நீளமான ஒரு தண்டு ஓட வேண்டும். கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று, பின்னால் டிஃபரன்ஷியல் ஒன்று, நடுவில் தேவைப்படும்போது இணைந்து தேவையில்லாதபோது விலகும் கிளட்ச் ஒன்று. இவற்றின் எடை, உராய்வு, ஆயில் மாற்றும் செலவு எல்லாம் தனி. மின்காரில் இந்தத் தண்டே கிடையாது. முன் அச்சில் ஒரு மோட்டார், பின் அச்சில் ஒரு மோட்டார், இரண்டுக்கும் நடுவே மின்கம்பியும் கணினிக் கட்டளையும் மட்டும்தான். பின்சீட்டில் நடுவில் உட்காருபவர் கால் வைக்க இடைஞ்சலாக இருக்கும் மேடு மறைந்துபோவதற்கும் காரணம் இதுதான்.

இந்த ஏற்பாடு புதியதும் அல்ல. 1900-இல் ஃபெர்டினண்ட் போர்ஷே வியன்னாவின் லோனர் நிறுவனத்தில் வேலை பார்த்த இளைஞர். இங்கிலாந்தின் லூட்டன் நகரத்து வாடிக்கையாளர் ஈ.டபிள்யூ. ஹார்ட்டுக்காக, நான்கு சக்கரங்களின் குடத்திலும் ஆளுக்கொரு மோட்டார் வைத்து ஒரு காரைக் கட்டிக் கொடுத்தார். அதன் ஈய-அமில பேட்டரி மட்டும் 1.8 டன் இருந்தது. அந்த எடைதான் யோசனையைப் பல பத்தாண்டுகளுக்குக் கிடப்பில் போட்டது. 1971 ஜூலையில் அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் நிலவில் ஓட்டிய வண்டியும் நான்கு சக்கர இயக்க மின்வண்டிதான். ஒவ்வொரு சக்கரத்திலும் கால் குதிரைத்திறன் மோட்டார், வெள்ளி-துத்தநாக பேட்டரி. நிலவின் பொடி மண்ணில் ஒரு சக்கரம் புதைந்தாலும் மற்ற மூன்றும் இழுக்கும்.

இன்றைய மின்கார்களின் பெரிய பலம் வேகமான கட்டுப்பாடு. சக்கரம் வழுக்கத் தொடங்கியதைக் கண்டுபிடித்து மோட்டாரின் முறுக்குவிசையை மாற்றுவதற்கு ஆடி தன் இ-ட்ரான் காரில் சொன்ன நேரம் சுமார் 30 மில்லிநொடி. கண் இமைப்பதற்கு இதைப்போல் பல மடங்கு நேரம் ஆகும். கிளட்ச் தட்டுகளை அழுத்தி விசையைப் பின்னால் அனுப்பும் பழைய முறையால் இந்த வேகத்தை எட்டுவது கடினம். முன்னுக்கு இவ்வளவு, பின்னுக்கு இவ்வளவு என்று பிரிப்பதும் நொடிக்குப் பல முறை மாறிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

சரி, நான்கு சக்கரமும் இழுப்பதால் என்ன லாபம்?

வண்டியைச் சாலையோடு இணைப்பது ஒவ்வொரு டயருக்கும் கீழே உள்ளங்கையளவு ரப்பர் மட்டுமே. அந்த ரப்பர் தரையை எவ்வளவு விசையோடு தள்ள முடியும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அதன்மேல் இறங்கும் எடை, ரப்பருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் கெழு. காய்ந்த தார்ச்சாலையில் இந்தக் கெழு சுமார் 0.8. நனைந்த சாலையில் 0.5 பக்கம். ஈரக் களிமண்ணிலும் இறுகிய பனியிலும் 0.3, 0.2 என்று இறங்கும். வழுவழுப்பான உறைபனியில் 0.1-தான்.

இரண்டு சக்கர இயக்கத்தில் வண்டியின் எடையில் ஏறக்குறைய பாதிதான் இழுக்கும் சக்கரங்களின்மேல் இருக்கிறது. மீதிப் பாதியைத் தாங்கும் டயர்களின் பிடிப்பு வண்டியை நகர்த்துவதில் சும்மா கிடக்கிறது. நான்கு சக்கரமும் இழுத்தால் மொத்த எடையும் வேலைக்கு வரும். கெழு 0.3 இருக்கும் ஈரக் களிமண் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு சக்கர இயக்க வண்டி 100 மீட்டருக்கு 14 முதல் 16 மீட்டர் உயரும் சரிவுக்குமேல் ஏறாது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதே மண்ணில், அதே டயரோடு, நான்கு சக்கர இயக்கம் 30 மீட்டர் உயரும் சரிவு வரை ஏறும். அதாவது இரண்டு மடங்கு. சோலையாறு, வால்பாறைப் பக்கம் எஸ்டேட் பாதைகளில் மழைக்காலத்தில் போய் வருபவர்களுக்கும், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் ஐப்பசி மழைக்குப்பின் வண்டி இறக்கியவர்களுக்கும் இந்த இரண்டு மடங்கின் அருமை தெரியும். திருச்செந்தூரை ஒட்டிய தேரிக்காட்டுச் செம்மணலிலும் அப்படியே.

2025-இல் டாடா வெளியிட்ட ஒரு காணொளியில் ஹாரியர் இவி, கேரளத்தின் வாகமண் அருகே யானைப்பாறை என்ற மொட்டைப் பாறையின்மேல் ஏறியது. சரிவு 34 பாகை என்று நிறுவனம் சொன்னது. இது வெறும் விளம்பர வித்தையா, உண்மையிலேயே இரண்டாவது மோட்டார் தேவைப்பட்டதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காய்ந்த பாறையில் கெழு 0.8 என்று கொண்டால், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் எஸ்யூவி சுமார் 26 பாகையோடு நின்றுவிடும். ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. நான்கு சக்கரமும் இழுத்தால் எல்லை 38 பாகை வரை போகும். 34 என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. ஆக, ஒற்றை மோட்டார் வண்டி எத்தனை குதிரைத்திறன் வைத்திருந்தாலும் அந்தப் பாறையில் ஏறியிருக்காது. அந்தக் காட்சியில் சொல்லப்பட்டது இயற்பியல்படி நியாயமானதே. ஆனால் நம்மில் எத்தனை பேர் வீட்டுக்குப் போகும் வழியில் 34 பாகைப் பாறை இருக்கிறது? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் முன்சக்கர இயக்க வண்டிகள் அன்றாடம் ஏறி இறங்குகின்றன. தார் போட்ட மலைச்சாலை எதுவும் இரண்டு சக்கர இயக்கத்தின் எல்லையைத் தொடுவதில்லை.

இனி அந்த ஆபத்தான பாதிக்கு வருவோம். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பவும் ஏற்றவும் உதவும். நிறுத்த உதவாது. வளைவில் தாங்கியும் பிடிக்காது. காரணம் எளிமையானது. எந்தக் காரிலும் பிரேக் ஏற்கெனவே நான்கு சக்கரங்களிலும் இருக்கிறது. ஒற்றை மோட்டாரோ இரட்டை மோட்டாரோ, நிற்கும்போது நான்கு டயர்களின் பிடிப்பும் முழுதாகச் செலவாகிறது. அதற்குமேல் எடுக்க எதுவும் இல்லை.

50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், கெழு 0.8 உள்ள காய்ந்த சாலையில் பிரேக் அழுத்திய கணத்திலிருந்து சுமார் 12 மீட்டரில் நிற்கும். கெழு 0.2-க்கு இறங்கிய தரையில் அதே வேகத்துக்கு 49 மீட்டர் தேவை. இந்தக் கணக்கில் மோட்டார்களின் எண்ணிக்கை எங்கேயும் வராது. வேகமும் கெழுவும் மட்டும்தான். ஆனால் ஓட்டுபவர் மனதில் வேறொன்று நடக்கிறது. வழுக்கும் சாலையில் இரண்டு சக்கர இயக்க வண்டி கிளம்பும்போதே லேசாகத் திணறி, தரை சரியில்லை என்று எச்சரித்துவிடும். நான்கு சக்கர இயக்கம் அந்த எச்சரிக்கையே இல்லாமல் வழுவழுவென்று வேகமெடுக்கும். எதிரில் மாடு குறுக்கே வரும்போதுதான் தரையின் உண்மை நிலை தெரியவரும். "சேஃப்டி ஜாஸ்தி" என்ற விற்பனைப் பேச்சை நான் கடுமையாக எதிர்ப்பதற்குக் காரணம் இந்தப் பொய்த் தைரியம்தான்.

டயரின் பிடிப்பை மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் திரும்புவதற்குச் செலவழித்தது போக மிச்சம் இருப்பதைத்தான் பிரேக்குக்கோ வேகமெடுப்பதற்கோ தர முடியும். முழுச் சம்பளத்தையும் வளைவிலேயே கரைத்துவிட்டு பிரேக்கை மிதித்தால் வண்டி நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கும். இரண்டாவது மோட்டார் இந்தச் சம்பளத்தை உயர்த்துவதில்லை. அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மழைநீர் தேங்கிய இடத்தில் டயர் தண்ணீர்ப் படலத்தின்மேல் மிதக்கத் தொடங்கினால் நான்கு சக்கரமும் சேர்ந்துதான் மிதக்கும். அப்போது காப்பாற்றுவது டயரின் பள்ளங்களில் எஞ்சியிருக்கும் ஆழமும் காற்றழுத்தமும் குறைந்த வேகமும்.

இதில் மின்காருக்கே உரிய ஒரு சிறு விதிவிலக்கு உண்டு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை மெதுவாக்கும், பேட்டரிக்கு மின்சாரம் திரும்பும். ஒற்றை மோட்டார் வண்டியில் இந்த இழுவை ஒரே அச்சில் விழுகிறது. பின் அச்சில் மட்டும் விழுந்தால், மிக வழுக்கும் தரையில் பின்பக்கம் ஒருபுறமாகச் சறுக்கப் பார்க்கும். கணினி உடனே மோட்டாரின் இழுவையைக் குறைத்து, சாதாரண பிரேக்கிடம் வேலையை ஒப்படைத்துவிடும். இரண்டு மோட்டார் இருந்தால் இழுவை இரண்டு அச்சுக்கும் பிரிவதால் வண்டி நிதானமாக இருக்கும். பனி நாடுகளில் இது கணிசமான நன்மை.

நம் மலைகளுக்கு இதைக் காரணமாகச் சொல்லி இரட்டை மோட்டார் வாங்கத் தேவையில்லை. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 2,300 கிலோ எடையுள்ள கார் இந்த இறக்கத்தில் விடுவிக்கும் ஆற்றல் 12 யூனிட் அளவு. காற்றும் டயரும் தின்றது போக மிச்சத்தைப் பிடித்து பேட்டரிக்கு அனுப்ப ஒரே மோட்டார் தாராளமாகப் போதும். இறக்கம் ஒன்றரை மணி நேரத்துக்கு நீள்வதால் சராசரியாக 8 கிலோவாட்டுக்குமேல் வராது. ஆனால் ஊட்டியில் ஓட்டல் சார்ஜரில் 100 சதவீதம் நிரப்பிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது, முழு இறக்கத்தையும் பிரேக் பேடுகளே தாங்க வேண்டிவரும். 80 சதவீதத்தில் கிளம்புவது நல்லது.

உண்மையில் நம் சந்தையில் இரண்டாவது மோட்டார் விற்கப்படுவது பிடிப்புக்காக அல்ல, வேகத்துக்காக. விஎஃப் 7-இல் ஒற்றை மோட்டாரின் 204 குதிரைத்திறன், இரட்டை மோட்டாரில் 350 ஆகிறது. ஹாரியர் இவி-யின் பின் மோட்டார் 238, முன் மோட்டார் 158. முறுக்குவிசை 504 நியூட்டன் மீட்டர், 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 6.3 நொடி. பிஒய்டி சீல் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அதன் பின்சக்கர இயக்க வண்டி 313 குதிரைத்திறனோடு 5.9 நொடியில் நூறைத் தொடுகிறது. நான்கு சக்கர இயக்க வண்டி 530 குதிரைத்திறனோடு 3.8 நொடியில் தொடுகிறது. இந்த 3.8 நொடியைப் பின்சக்கர இயக்கத்தில் அடைய முடியுமா? சாதாரணச் சாலை டயரின் பிடிப்பையும் எடைப் பகிர்வையும் வைத்துப் பார்த்தால், இப்படிப்பட்ட செடான் பின்சக்கரத்தை மட்டும் நம்பி சுமார் 5 நொடிக்குக் கீழே இறங்குவது கடினம். அதற்குமேல் எவ்வளவு திறன் சேர்த்தாலும் டயர் புகைதான் வரும். ஆக, அசுர வேகம் வேண்டுமென்றால் இரண்டாவது மோட்டார் கட்டாயம். ஆனால் அது வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஓட்டுநர் உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஆன மகனோ மகளோ ஓட்டப்போகும் குடும்பக் காருக்கு 3.8 நொடி எதற்கு என்று பெற்றோர் நிதானமாக யோசிக்க வேண்டும்.

அடுத்தது ரேஞ்ச். ஒரே பேட்டரியிலிருந்து இரண்டு மோட்டார் ஓடினால் ஒரு சார்ஜுக்கு ஓடும் தூரம் பாதியாகிவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆகாது. வண்டியை ஒரே வேகத்தில் நகர்த்தத் தேவையான ஆற்றல் ஏறக்குறைய அதேதான், அதை இருவர் பகிர்ந்து செய்கிறார்கள், அவ்வளவே. இழப்பு வேறு வழியில் வருகிறது. கூடுதல் மோட்டார், அதன் கியர், மின்சாரத்தை மாற்றித்தரும் இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து கூடும் எடை ஒன்று. இப்படிப்பட்ட வேரியன்டுகளில் பெரும்பாலும் சேர்ந்தே வரும் அகலமான டயர், பெரிய வீல் இன்னொன்று. மூன்றாவது, வாங்குபவர் யாரும் கேட்காதது: அந்த இரண்டாவது மோட்டார் எந்த வகை?

இன்றைய மின்கார்களில் பெரும்பாலானவை நிரந்தரக் காந்த மோட்டாரைப் பயன்படுத்துகின்றன. நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள் கலந்த காந்தம் சுழலும் பகுதிக்குள் பதிக்கப்பட்டிருக்கும். திறன் மிக்கது, சிறியது. ஆனால் மின்சாரம் கொடுக்காமல் சும்மா சுழலவிட்டாலும் அதன் காந்தம் சுற்றியுள்ள இரும்பில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டி, ஒரு மெல்லிய பிரேக் போல இழுத்துக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஒரு மோட்டாரே போதும், மற்றது சும்மா சுழல்கிறது. அந்தச் சும்மாச் சுழற்சிதான் தூரத்தைத் தின்கிறது.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒரு வழி, இரண்டாவது மோட்டாரை இண்டக்‌ஷன் வகையாக வைப்பது. நம் ஊர் கிணற்று பம்புசெட்டில் ஓடுவதும் இதே வகைதான். அதில் காந்தமே கிடையாது. மின்சாரம் வரும்போதுதான் காந்தப்புலம் பிறக்கிறது, நிறுத்தினால் தடையில்லாமல் சுழல்கிறது. டெஸ்லா மாடல் 3-இன் இரட்டை மோட்டார் வண்டியில் பின்னால் காந்த மோட்டார், முன்னால் இண்டக்‌ஷன். ஹாரியர் இவி-யிலும் முன் மோட்டார் இண்டக்‌ஷன். அதன் பலன் சான்றளிக்கப்பட்ட தூரத்தில் தெரிகிறது: ஒற்றை மோட்டார் 627 கிலோமீட்டர், இரட்டை மோட்டார் 622. இன்னொரு வழி, ஹூண்டாயும் கியாவும் செய்தது. கியா இவி6 போன்ற வண்டிகளில் முன் மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டைத் தேவையில்லாதபோது தனியே கழற்றிவிடும் அமைப்பு இருக்கிறது. மோட்டார் அப்படியே நின்றுவிடும், சக்கரம் மட்டும் உருளும்.

இரண்டாவது மோட்டார் தூரத்தைக் கூட்டிய வரலாறும் உண்டு. டெஸ்லா தன் மாடல் எஸ்-இன் இரட்டை மோட்டார் வடிவத்தை 2014 அக்டோபரில் அறிவித்தது. 85டி என்ற அந்த வண்டிக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தந்த மதிப்பு 270 மைல். ஒற்றை மோட்டார் 85-க்கு 265 மைல். முன்னும் பின்னும் வெவ்வேறு கியர் விகிதம் வைத்து, எந்த வேகத்தில் எந்த மோட்டார் சிக்கனமோ அதை மட்டும் வேலை வாங்கி, மற்றதைத் தூங்கவைத்ததால் வந்த லாபம் இது.

எல்லோரும் இவ்வளவு சிக்கனமாகச் செய்வதில்லை. அமெரிக்காவில் 2022 ஹூண்டாய் ஐயோனிக் 5-இன் பின்சக்கர இயக்கம் 303 மைல், நான்கு சக்கர இயக்கம் 256 மைல். ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. நம் நாட்டு பிஒய்டி சீலில் 650 கிலோமீட்டர் 580 ஆகிறது. விஎஃப் 7-இல் 532, 510 ஆகிறது. இந்திய எண்களைப் பார்க்கும்போது இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இங்கே சான்றளிக்கும் சோதனையின் உச்ச வேகம் 90 கிலோமீட்டர்தான், பெரும்பகுதி நேரம் வண்டி அதற்கு வெகு கீழேதான் ஓடுகிறது. சென்னையிலிருந்து திருச்சிக்கு ஏ.சி. போட்டு நூறில் ஓட்டினால் எந்த வண்டியும் அந்தத் தூரத்தைத் தராது. டாடாவே ஹாரியர் இவி-க்கு அன்றாட ஓட்டத்தில் 500 கிலோமீட்டரை ஒட்டித்தான் சொல்கிறது.

காட்டுப்பாதை ஆசையோடு வாங்குபவர்கள் அறிய வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. இரண்டு மோட்டார் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும்தான் தனித்தனி. ஒவ்வொரு அச்சிலும் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே சாதாரண டிஃபரன்ஷியல்தான் பெரும்பாலும் இருக்கிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் விசையெல்லாம் அதற்கே போகப் பார்க்கும். கணினி அந்தச் சக்கரத்தில் பிரேக்கைப் பிடித்து, விசையை மறுபக்கம் தள்ளிவிடுகிறது. மழைச்சகதியில் சில நிமிடம் இது நன்றாகவே வேலை செய்யும். பாறை நிறைந்த கடினமான தடத்தில் மணிக்கணக்காகச் செய்தால் பிரேக் சூடாகும். இடமும் வலமும் தனித்தனியே வேண்டுமென்றால் நான்கு மோட்டார் வேண்டும். அமெரிக்காவில் 2021-இல் வந்த ரிவியன் ஆர்1டி அப்படிப்பட்டது. மெர்சிடீஸ் ஜி 580 அந்த வழியில் நம் நாட்டுக்கும் வந்தது, 2025-இல் அதன் அறிமுக விலை 3 கோடி ரூபாய். அது வேறு உலகம்.

நான்கு சக்கர இயக்கத்தின் சொந்த ஊர் பனிதான். டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் ஆஸ்லோவிலும் வாழும் தமிழர்கள் இந்தக் கேள்வியை வேறு கோணத்தில் கேட்பார்கள். நார்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது மின்கார்கள். கடுங்குளிரிலும் மின்கார் ஓடும் என்பதற்கு அந்த ஒரு நாடே போதுமான சாட்சி. அங்கே வீட்டு வாசல் சரிவிலிருந்து காலையில் வண்டியை வெளியே எடுப்பதற்கே நான்கு சக்கர இயக்கம் கைகொடுக்கும். ஆனால் அங்கேயும் முதல் செலவு குளிர்கால டயராகத்தான் இருக்க வேண்டும். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் கலவை அப்போதும் மென்மையாக இருக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் 2016 முதல் குளிர்கால டயர் போட்டவர்களுக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் கட்டணச் சலுகை தர வேண்டும். சாதாரண டயரோடு ஓடும் இரட்டை மோட்டார் காரைவிட, நல்ல குளிர்கால டயரோடு ஓடும் ஒற்றை மோட்டார் கார் பனியில் குறைந்த தூரத்தில் நிற்கும். அங்கே இரண்டையும் சேர்த்து வாங்க முடிந்தால் வாங்கலாம். ஒன்றுதான் முடியும் என்றால் டயர்.

வழியில் பழுதானால் என்ன செய்வது என்பதையும் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இரட்டை மோட்டார் மின்காரின் எந்த அச்சைத் தூக்கினாலும் மற்ற அச்சு தரையில் உருளும், அங்குள்ள மோட்டார் சுழன்று மின்சாரம் உண்டாக்கி உறுப்புகளைக் கெடுக்கலாம். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் லாரிதான் ஒரே வழி. கயிறு கட்டி இழுக்க வரும் மெக்கானிக்கைத் தடுத்து நிறுத்துங்கள். உங்கள் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் திட்டத்தில் ஃபிளாட்பெட் உண்டா, உங்கள் ஊர் வரை வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டயர் மாற்றும்போது நான்கும் ஒரே பிராண்டு, ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்கட்டும். சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுத்தான் கணினி வழுக்கலைக் கண்டுபிடிக்கிறது. ஒன்று புதிதாகவும் மற்றவை தேய்ந்தும் இருந்தால் அது குழம்பும்.

இனி என் தீர்ப்பு. நகரத்துக்குள் ஓட்டி, மாதம் ஒருமுறை சொந்த ஊருக்கு நாற்கரச் சாலையில் போய்வந்து, வருடத்துக்கு இரண்டு முறை கொடைக்கானலோ ஏற்காடோ ஏறும் குடும்பத்துக்கு இரண்டாவது மோட்டார் தேவையில்லை. ஹூண்டாய் தமிழ்நாட்டில் தயாரிக்கும் கிரெட்டா எலக்ட்ரிக் முன்சக்கர இயக்கம். மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டும் பின்சக்கர இயக்கம். இவற்றில் ஒன்றை வாங்கியவர் எதையும் இழந்துவிடவில்லை. அந்த ஒன்றரை லட்சத்தைப் பெரிய பேட்டரியில் போடுங்கள், இல்லையென்றால் ஈரச்சாலையில் நல்ல பிடிப்புள்ள டயரில் போடுங்கள். எஸ்டேட், தோப்பு, கரிசல் நிலம், மணல் பாதை என்று தார் இல்லாத தரையில் மழைக்காலத்திலும் போயே ஆக வேண்டிய வேலை இருப்பவருக்கு இரண்டாவது மோட்டார் கொடுக்கும் காசு பெறும். இன்று நம் ஊரில் அந்தத் தேவைக்கு, முப்பது லட்சத்துக்குள், தூரத்தை அதிகம் இழக்காமல் கிடைப்பதில் ஹாரியர் இவி-யின் நான்கு சக்கர இயக்கத்தை நான் முதலில் வைப்பேன். தார்ச்சாலையில் வேகத்தை ரசிப்பவருக்கு விஎஃப் 7 அதைவிடக் குறைந்த விலையில் 350 குதிரைத்திறன் தருகிறது.

எதை வாங்கினாலும், ஷோரூமைச் சுற்றியுள்ள நல்ல சாலையில் டெஸ்ட் டிரைவ் முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் அடிக்கடி போகும் வழியில் மிக மோசமான பத்து மீட்டர் எங்கே இருக்கிறதோ அங்கே, குடும்பத்தோடும் சாமானோடும், முடிந்தால் மழை பெய்த மறுநாள், ஒற்றை மோட்டார் வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது ஏறிவிட்டால் ஒன்றரை லட்சம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.